'சர்வர் டவுன்'னா என்ன சார் அர்த்தம்?

மெஷினும் மருந்துச்சீட்டும் பாலிசியும் பேசும் புரியாத பாஷை... நஷ்டம் யாருக்கு?

"சர்வர் டவுன்!"

இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்காதவர் இன்று யாரும் இல்லை. ரேஷன் கடை, வங்கி கவுன்டர், பத்திரப்பதிவு அலுவலகம், இ-சேவை மையம் என்று எங்கே போனாலும் ஒருநாள் இந்தப் பதில் வந்து நம் முன்னால் நிற்கும்.

நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு 'சர்வர்' என்றால் ஓட்டலில் இட்லி கொண்டு வந்து வைப்பவர். 1964-ல் 'சர்வர் சுந்தரம்' படத்தைக் கொட்டகையில் பார்த்த ஒரு பாட்டியிடம் 'சர்வர் டவுன்' என்று சொன்னால், பாவம், யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்துக்கொள்வார்.

சிரித்துவிடலாம். ஆனால், அந்தப் பாட்டிக்குத் தெரிய வேண்டியது வேறு. இங்கேயே காத்திருக்க வேண்டுமா? சாயங்காலம் வரலாமா? தன் கார்டில் ஏதாவது கோளாறா? இந்த மாத அரிசி போய்விடுமா? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட 'சர்வர் டவுன்' பதில் சொல்வதில்லை. மெஷினுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறது. எதிரே நிற்கும் மனிதர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

'டைம் அவுட்', 'கே.ஒய்.சி. பெண்டிங்', 'பயோமெட்ரிக் மிஸ்மேட்ச்', 'ட்ரான்ஸாக்‌ஷன் டிக்ளைன்ட்' எல்லாம் இதே ரகம்தான். கேட்க எரிச்சலாக இருக்கிறது என்பது மட்டும் இங்கே பிரச்னை இல்லை. இப்படிப்பட்ட வார்த்தைகளால் பணம் போயிருக்கிறது. உடம்பு கெட்டிருக்கிறது. உயிர் போன கதையிலும் இவற்றுக்குப் பங்கு இருந்திருக்கிறது.

கொத்தனாரின் ரசமட்டம்

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தொழிலுக்கென்று தனி வார்த்தைகள் இருப்பது தப்பே இல்லை. வீடு கட்டும் இடத்தில் கொத்தனார், "அந்த ரசமட்டத்தை எடு", "மூலமட்டம் வெச்சுப் பாரு" என்று சித்தாளிடம் சொல்வார். இருவருக்கும் அது ஒரு நொடியில் புரியும். அந்த வார்த்தைகள் இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியம் பேச வேண்டும். வேலை ஓடாது.

அதே கொத்தனார் வீட்டுக்காரர் வந்ததும் எப்படிப் பேசுகிறார்? "தரை இந்தப் பக்கம் சரிவா இருக்குங்க. இப்படியே விட்டா தண்ணி வாசல்ல தேங்கும். அரை இஞ்ச் ஏத்தணும்." என்ன கோளாறு, விட்டால் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன.

கம்ப்யூட்டர் இன்ஜினீயரும், டாக்டரும், இன்சூரன்ஸ்காரரும் தங்களுக்குள் எந்த பாஷையும் பேசிக்கொள்ளட்டும். அந்தப் பட்டறை பாஷை அப்படியே வாசல் தாண்டி, அந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத நம் கையில் வந்து விழும்போதுதான் வினை தொடங்குகிறது.

'மால்ஃபங்ஷன் 54'

1986 மார்ச் மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊர். அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் 'தெரக்-25' என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் இருந்தது. கம்ப்யூட்டர் மூலம் இயங்குவது. முதுகில் இருந்த கட்டிக்காக ஏற்கெனவே பல முறை வந்துபோன ஒரு நோயாளி அன்றும் வந்து படுத்தார். அடுத்த அறையில் இருந்த ஆபரேட்டர் விவரங்களை டைப் செய்தார். ஓர் எழுத்து தப்பாக விழுந்தது. உடனே திருத்திவிட்டு இயந்திரத்தை இயக்கினார்.

திரையில் வந்தது ஒரே வரி: 'மால்ஃபங்ஷன் 54'. அதாவது, 'கோளாறு எண் 54'.

என்ன கோளாறு? ஆபத்தா, இல்லையா? திரை எதையும் சொல்லவில்லை. அதற்கு அங்கே கிடைத்த ஒரே விளக்கம் 'டோஸ் இன்புட் 2' என்பதுதான். இதற்குப் பதிலாக அந்த எண்ணையே வைத்திருக்கலாம். கதிர்வீச்சின் அளவு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ போயிருக்கிறது என்பதே அதன் பொருள் என்பதை, தயாரித்த நிறுவனத்தின் ஆள் பின்னால்தான் விளக்கினார்.

அந்த இயந்திரம் இப்படி ஏதாவதொரு எண்ணைக் காட்டி நிற்பது அங்கே அடிக்கடி நடப்பதுதான். அப்போதெல்லாம் 'தொடரவும்' என்பதற்கான பொத்தானை அழுத்தினால் வேலை நடக்கும். ஆபரேட்டர் அன்றும் அதையே செய்தார். உள்ளே படுத்திருந்தவருக்கு அதற்கு முன்பே மின்சாரம் தாக்கியதைப் போலிருந்தது. எழுந்திருக்க முயன்றபோது இரண்டாவது முறையும் பாய்ந்தது. அவருக்குக் கொடுக்க வேண்டிய அளவைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு கதிர்வீச்சு உடம்பில் இறங்கியிருந்தது. சில மாதங்களில் இறந்துபோனார். அடுத்த மாதமே அதே மருத்துவமனையில், அதே 'மால்ஃபங்ஷன் 54' இன்னொரு நோயாளிக்கு வந்தது. அவரும் பிழைக்கவில்லை.

1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த இயந்திரத்தால் ஆறு விபத்துகள் நடந்தன. அடிப்படைக் காரணம் மென்பொருளில் இருந்த பிழையும், பழைய மாடலில் இருந்த பாதுகாப்புத் தடுப்புகளை இதில் எடுத்துவிட்டதும்தான். வார்த்தை மட்டும் யாரையும் கொன்றுவிடவில்லை. ஆனால், 'கதிர்வீச்சு அளவு தவறியிருக்கலாம். தொடராதீர்கள். நோயாளியைப் போய்ப் பாருங்கள்' என்று அந்தத் திரையில் ஒரு வரி இருந்திருந்தால், ஆபரேட்டரின் விரல் அந்தப் பொத்தானுக்குப் போயிருக்குமா?

ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன்னால்!

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் வீட்டு மேஜை டிராயரில் கிடக்கும் மருந்துச்சீட்டை எடுத்துப் பாருங்கள். 'ஓ.டி.', 'பி.டி.', 'டி.டி.எஸ்.', 'எஸ்.ஓ.எஸ்.', 'ஹெச்.எஸ்.' என்று எழுதியிருக்கலாம்.

சம்பளம் வாங்குகிறவர்களுக்கு 'டி.டி.எஸ்.' என்றால் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி. மருந்துச்சீட்டில் அது 'ஒரு நாளைக்கு மூன்று வேளை'. 'பி.டி.' இரண்டு வேளை. 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் 'தேவைப்பட்டால் மட்டும்'. 'ஹெச்.எஸ்.' என்றால் 'தூங்கப்போகும்போது'. 'ஏ.சி.' என்று இருந்தால் அறையைக் குளிர வைக்கச் சொல்லவில்லை. 'சாப்பாட்டுக்கு முன்னால்' என்று அர்த்தம். இவற்றில் பெரும்பாலானவை லத்தீன் மொழிச் சுருக்கங்கள். மாத்திரை விழுங்கப்போகிறவரின் தாய்மொழி லத்தீன் அல்ல.

டாக்டர்களுக்குள்ளேயே இவை குழப்புகின்றன. 'ஓ.டி.' என்பது பொதுவாக 'ஒரு வேளை'. கண் மருத்துவரிடம் போனால் அதே 'ஓ.டி.' 'வலது கண்'. இன்சுலின் அளவை எழுதும்போது 'யூனிட்' என்பதற்குப் பதிலாக ஆங்கில எழுத்து 'யு'வை மட்டும் போடுவார்கள். கையெழுத்து கொஞ்சம் மூடிக்கொண்டால் அந்த 'யு' பூஜ்யம் ஆகிவிடும். 10 யூனிட் 100 யூனிட் ஆகும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு, 2004-லேயே 'இனி எழுதவே கூடாது' என்று வெளியிட்ட பட்டியலில் இந்த ஒற்றை 'யு' இருக்கிறது.

நம் நாட்டில் இன்சுலினோடு இன்னொரு புதிரும் இருக்கிறது. பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது என்று இரண்டு வகை. ஊசியும் அதற்கேற்றபடி 'யு-40', 'யு-100' என்று இரண்டு வகை. 100 யூனிட் மருந்தை யு-40 ஊசியில் அதே கோடு வரை ஏற்றினால், இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். சர்க்கரை அளவு சடாரென்று இறங்கி மயக்கம் வரும். இங்கே காப்பாற்றுவது வார்த்தை அல்ல, நிறம். யு-40 ஊசிக்கு சிவப்பு மூடி, யு-100 ஊசிக்கு ஆரஞ்சு மூடி. வீட்டில் யாராவது ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்றால் இன்றே ஒருமுறை பாட்டிலையும் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புரிகிற வார்த்தையாக இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 'இரண்டு மாத்திரைகள், தினமும் இரண்டு முறை' என்ற லேபிளைக் கொடுத்தார்கள். படிப்பறிவு குறைந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதைச் சரியாகவே வாசித்துக் காட்டினார்கள். 'சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள்' என்றபோது சரியாக எடுத்தவர்கள் 35 பேர்தான்.

இந்த விஷயத்தில் நம் மெடிக்கல் ஷாப் அண்ணன்களைப் பாராட்ட வேண்டும். டாக்டர் என்ன சுருக்கம் எழுதினாலும், அட்டையில் பேனாவால் '1-0-1' என்று எழுதி, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம் போடுங்கம்மா" என்று வாயாலும் சொல்லிவிடுகிறார்கள். லத்தீனை ஒரு நிமிடத்தில் தமிழாக்கும் வேலை அது.

பாலிசியில் ஒளிந்திருக்கும் பாதி பில்

உடம்புக்கு அடுத்து பணம். மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் 'ப்ரொப்போர்ஷனேட் டிடக்‌ஷன்' என்ற ஒரு சொல் இருக்கும். தமிழில் 'விகிதாசாரக் கழிவு' என்பார்கள். இரண்டுமே ஒன்றும் புரியவைப்பதில்லை. கணக்காகப் பார்த்தால் புரியும்.

உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு ரூ.5,000 தான் உச்சவரம்பு என்று வைத்துக்கொள்வோம். காலியாக இருந்தது என்று ரூ.10,000 அறையில் சேர்ந்துவிட்டீர்கள். 'அதிகப்படி வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும்' என்றுதானே நினைப்போம்? இல்லை. அறை வாடகை இரண்டு மடங்கு ஆனதால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் கிடைக்கும். அந்த வகையில் ரூ.2 லட்சம் பில் வந்தால் ரூ.1 லட்சம் உங்கள் கையிலிருந்து. மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்தக் கழிவு கிடையாது என்பது மட்டும் ஆறுதல்.

'நீங்கள் வரம்பைவிட விலை அதிகமான அறையை எடுத்தால், மற்ற செலவுகளிலும் நாங்கள் தருவது குறையும்.' இதை எழுத ஒரு வரி போதும். பாலிசி எடுக்கும்போது அந்த ஒரு வரியைப் படித்தவர், ஆஸ்பத்திரியில் அறை கேட்கும்போது விழித்துக்கொள்வார்.

கடனிலும் இதே கதை. 'ஃப்ளாட் ரேட் 12 சதவீதம்தான் சார்' என்பார்கள். ஒரு லட்சம் ரூபாய் கடன், ஒரு வருடம், வட்டி ரூ.12,000. மாதம் ரூ.9,333 கட்டினால் முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட பாதிக் கடன் தீர்ந்துவிடுகிறது. வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு ஒரு லட்சத்துக்கும் போட்டிருக்கிறார்கள். பாக்கித் தொகைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் இது சுமார் 21 சதவீதம். 'ஃப்ளாட்' என்ற ஒரே வார்த்தைக்குள் இவ்வளவும் படுத்திருக்கிறது.

ஆயிரம் வாட்ஸ் ரகசியம்

புரியாமல் எழுதுவதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பழக்கத்தால் வருவது. மென்பொருள் எழுதுபவருக்கு 'சர்வர்' தினசரி வார்த்தை. அது மற்றவர்களுக்குத் தெரியாது என்பதே அவருக்குத் தோன்றுவதில்லை. இதை மன்னிக்கலாம், சொன்னால் திருத்திக்கொள்வார்.

இன்னொன்று, அசத்துவதற்காகவே உருவாக்கும் வார்த்தை. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டரும் ஸ்பீக்கரும் வாங்கியவர்களுக்கு 'பி.எம்.பி.ஓ.' நினைவிருக்கும். உள்ளங்கை அகல ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் '1,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை எப்படி அளக்க வேண்டும் என்று பொதுவான விதியே கிடையாது. ஆளாளுக்கு ஒரு கணக்கு. தொடர்ந்து பாடும்போது அந்த ஸ்பீக்கர் உண்மையில் தருவது சில வாட்ஸ்தான். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்தே நாம் வாங்கினோம். பிற்பாடு 'ஹெச்.டி. ரெடி' டி.வி. வந்தது. அது 'ஃபுல் ஹெச்.டி.' அல்ல, அதைவிடத் துல்லியம் குறைந்தது என்பது வாங்கி வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான நல்ல உதாரணமும் நம் வீட்டிலேயே ஒட்டியிருக்கிறது. ஃப்ரிட்ஜ், ஏ.சி. மேல் இருக்கும் நட்சத்திர லேபிள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2006-ல் கொண்டுவந்தது. நட்சத்திரம் கூடினால் கரன்ட் செலவு குறையும். வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். அதற்குப் பின்னால் பெரிய பெரிய சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றை இன்ஜினீயர்கள் வைத்துக்கொண்டார்கள். நமக்கு நட்சத்திரத்தைக் கொடுத்தார்கள். "அஞ்சு ஸ்டார் இருக்கா?" என்று கடையில் கேட்காத குடும்பம் இல்லை.

தமிழில் எழுதினால் தீர்ந்துவிடுமா?

'எல்லாம் இங்கிலீஷால் வந்த வினை. தமிழில் எழுதிவிட்டால் சரியாகிவிடும்' என்று தோன்றலாம். பாதி உண்மை.

'மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை' என்று டி.வி.யில் ஒருவர் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு ஓடுகிறாரே, 'மியூச்சுவல் ஃபண்ட்' போக மிச்சமெல்லாம் தமிழ்தான். 'நீங்கள் போட்ட பணம் குறையவும் செய்யலாம்' என்று அதற்கு அர்த்தம். அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும்!

தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்கும் முயற்சி நேற்று தொடங்கியதல்ல. அமெரிக்காவிலிருந்து 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், அங்கே தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்தவர். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். பொருத்தமான தமிழ்ச் சொல் இருந்தால் அதை எடு, இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் பார், அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது என்பது அவர் வழி. 1875-ல் வெளிவந்த வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர். 1916-ல் சேலத்தில் ராஜாஜி உள்ளிட்டவர்கள் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கமே தொடங்கி, இதழும் நடத்தினார்கள். பின்னாளில் ராஜாஜி வேதியியலைப் பற்றி எழுதிய நூலின் பெயர் 'திண்ணை ரசாயனம்'. திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல என்ற எண்ணம் தலைப்பிலேயே இருக்கிறது.

இத்தனை ஆண்டு அனுபவத்தில் எந்தச் சொல் நின்றது, எது நிற்கவில்லை என்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். 'மின்னஞ்சல்', 'குறுஞ்செய்தி', 'கடவுச்சொல்', 'மென்பொருள்' எல்லாம் நிலைத்துவிட்டன. முதல்முறை கேட்பவருக்கும் பாதி அர்த்தம் பிடிபடும். அஞ்சல் தெரியும், மின் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்னவென்று ஊகித்துவிடலாம். காபிக்கு 'குளம்பி' என்று பெயர் வைத்தார்கள். காபி என்ற சொல் ஏற்கெனவே நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டதால், எந்தக் கடையிலும் யாரும் "ரெண்டு குளம்பி" என்று கேட்பதில்லை.

ஒரே பொருளுக்கு ஊருக்கொரு சொல் என்பது இன்னொரு தலைவலி. டவுன்லோடு செய்வதை ஒருவர் 'பதிவிறக்கம்' என்கிறார், இன்னொருவர் 'தரவிறக்கம்' என்கிறார். நம் 'சர்வர்' ஓரிடத்தில் 'சேவையகம்', மற்றோரிடத்தில் 'வழங்கி'. ஒரே செயலியில் இரண்டும் மாறி மாறி வந்தால், இவை இரண்டும் வேறு வேறு என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

எழுத்தாளர் சுஜாதாவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு வகித்த இன்ஜினீயர் அவர். 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி-பதிலில் ஆங்கிலச் சொல்லைத் தயங்காமல் போடுவார். அடுத்த வரியிலேயே அது என்னவென்று விளக்கியும்விடுவார். சொல் எந்த மொழி என்பதைவிட, படிப்பவர் கையைப் பிடித்து அழைத்துப் போகிறதா என்பதே அவருக்கு முக்கியம்.

விமானத்துக்கென்று ஓர் எளிய ஆங்கிலம்

சிக்கலான விஷயத்தை எளிமையாக எழுதவே முடியாது என்று யாராவது சொன்னால், விமானத்தைக் காட்டுங்கள். அதைவிடச் சிக்கலான இயந்திரம் ஏது?

விமானங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. கையேடோ ஆங்கிலத்தில். ஒரு வரி தப்பாகப் புரிந்தாலும் ஆபத்து. அதனால் 1980-களில் ஐரோப்பிய விமானத் துறையினர் கூடி, பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார்கள். பொதுச் சொற்கள் சுமார் 900 மட்டும். ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம். 'க்ளோஸ்' என்றால் 'மூடு' மட்டும்தான். 'பக்கத்தில்' என்ற பொருளில் எழுதக் கூடாது. ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

ஆங்கிலேயர்களும் சும்மா இருக்கவில்லை. லிவர்பூலைச் சேர்ந்த க்ரிஸ்ஸி மேஹர், பதின்ம வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்த பெண்மணி. ஏழைகள் உதவி கேட்டு நிரப்ப வேண்டிய அரசாங்கப் படிவங்கள் அவர்களுக்கே புரியாமல் இருப்பதைப் பார்த்துக் கொதித்துப்போனார். 1979-ல் லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே நின்று அந்தப் படிவங்களைத் துண்டுதுண்டாகக் கிழித்துப் போட்டுத் தன் இயக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் 2010-ல் அரசு ஆவணங்களை எளிய மொழியில் எழுத வேண்டும் என்று சட்டமே வந்தது. 2023-ல் எளிய மொழிக்கு ஐ.எஸ்.ஓ. உலகத் தரமும் வந்துவிட்டது. படிப்பவர் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், அதை வைத்துக் காரியம் செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம்.

கேட்பது உங்கள் உரிமை

நம் நாட்டிலும் விதிகள் வந்திருக்கின்றன. பலருக்கு அவை இருப்பதே தெரியாது.

● டாக்டரிடம்: மருந்தின் பெயரைப் படிக்கும்படி, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவர்களுக்கான நடத்தை விதி திருத்தப்பட்டிருக்கிறது. புரியவில்லை என்றால், "எத்தனை வேளை, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா?" என்று கேட்டு, நீங்களே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

● கடன் வாங்கும்போது: 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு, 'முக்கிய விவரங்கள் அறிக்கை' கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். 'ஃப்ளாட் ரேட்' ரகசியம் அங்கே வெளிப்பட்டுவிடும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது.

● மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது: 2024 ஜனவரி 1 முதல், பாலிசியின் முக்கிய அம்சங்களை எளிய வார்த்தைகளில் சொல்லும் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' கொடுக்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. நீங்கள் விரும்பினால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். "தமிழ்ல குடுங்க" என்று கேளுங்கள். அறை வாடகை வரம்பு, காத்திருப்புக் காலம், பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். புதிய பாலிசி கைக்கு வந்து, படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 'ஃப்ரீ லுக் பீரியட்' என்ற பெயரில் அந்த வசதி ஒளிந்திருக்கிறது.

● கவுன்டரில்: 'சர்வர் டவுன்', 'மிஸ்மேட்ச்' என்று எது சொன்னாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். "என் பக்கம் ஏதாவது தப்பா? நான் இப்ப என்ன செய்யணும்? எப்ப வரணும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர்களும் தாமாகவே மனித பாஷைக்கு வந்துவிடுவார்கள்.

கேட்டால் நம்மைப் படிக்காதவர் என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம்தான் இதில் பெரிய தடை. படித்த பட்டதாரிக்கும் இன்னொரு துறையின் பாஷை தெரியாது. இதய டாக்டருக்குக் கடன் பத்திரம் புரியாது; வங்கி மேனேஜருக்கு மருந்துச்சீட்டு புரியாது. புரியும்படி எழுதுவது எழுதியவரின் வேலை. அதை அவர் செய்யாமல் விட்டதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் ஐ.டி. கம்பெனியிலோ, வங்கியிலோ, ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கும் மகனோ மருமகளோ இருக்கலாம். திரையில் வரும் ஒரு வரியை, படிவத்தில் இருக்கும் ஒரு கேள்வியை அவர்கள் எழுத நேரும். எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் யாரிடமாவது ஒருமுறை படிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். 'இதைப் படிச்சதும் என்ன செய்வீங்க?' என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சரியாக வரும்வரை அந்த வரியை மாற்றி எழுதட்டும்.